எச்எல்ஏ பாதிதான் பொருந்துகிறது என்றால் அக்காவுக்குச் சிறுநீரகம் தரலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். 38 வயதான உங்கள் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, ஓராண்டாக டயாலிசிஸ் நடக்கிறது. இரண்டு குழந்தைகளுக்குத் தாய். அத்தானும் நீங்களும் சிறுநீரகம் தர முன்வந்தீர்கள்; இருவருடைய ரத்தப் பிரிவும் பொருந்தியது. ஆனால் அத்தானுடைய கிராஸ் மேட்ச் பாசிட்டிவ் என்று வந்ததால் அவர் வேண்டாம் என்றுவிட்டார்கள். உங்களுக்கு எச்எல்ஏ, அதாவது அணுக்களின் மேலுள்ள திசு அடையாள மூலக்கூறுகள், பாதிதான் பொருந்துகிறது, ஆனாலும் செய்யலாம் என்கிறார்கள். பாதி பொருந்தாத உறுப்பை வைத்தால் அது வீணாகிவிடாதா, ஆயுள் முழுவதும் மாத்திரை எதற்கு, மாத்திரையே தேவைப்படாத முறை ஒன்று வெளிநாட்டில் வந்துவிட்டதாகப் படித்தேனே, அதுவரை காத்திருக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் குழப்பத்தின் வேர், "பொருத்தம்" என்ற ஒரே சொல்லை நாங்கள் இரண்டு வேறு காரியங்களுக்குப் பயன்படுத்துவதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தருபவருடைய திசு பெறுபவருடைய திசுவிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்பது ஒன்று. எச்எல்ஏ அறிக்கை அதைத்தான் சொல்கிறது. அந்த வேறுபாட்டைப் பெறுபவருடைய உடல் ஏற்கெனவே ஒருமுறை சந்தித்து நினைவில் வைத்திருக்கிறதா என்பது மற்றொன்று. கிராஸ் மேட்ச் சொல்வது அதை. முதலாவதை மருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். இரண்டாவதைச் சமாளிப்பது மிகக் கடினம். உங்கள் அத்தான் விலக்கப்பட்டதற்கும் நீங்கள் ஏற்கப்பட்டதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். நான் அறுவை மருத்துவன் அல்லன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மருத்துவமனையின் திசுப் பொருத்த ஆய்வகத்தில் வேலை செய்பவன். உங்கள் அக்காவின் அறிக்கைகளை நான் பார்க்கவில்லை. ஆகவே பொதுவாக உண்மையானவற்றை உறுதியாகவும், அவருக்கு மட்டும் உரியவற்றை ஊகமாகவும் எழுதுகிறேன்.

உறுப்பு மாற்றில் அறுவைச் சிக்கல் வெகு முன்பே தீர்ந்துவிட்டது. அலெக்சிஸ் காரெல் என்ற பிரெஞ்சு மருத்துவர், வெட்டுண்ட ரத்தக் குழாய்களைக் கசிவில்லாமல், உள்ளே ரத்தம் உறையாமல் தைத்து இணைக்கும் முறையை 1902-இல் லியோன் நகரிலிருந்து வெளியிட்டார். அந்தப் பணிகளுக்காக 1912-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு நாயின் சிறுநீரகத்தை எடுத்து அதன் உடம்பிலேயே வேறிடத்தில் வைத்துத் தைத்தால் அது வேலை செய்தது. இன்னொரு நாயின் சிறுநீரகத்தை வைத்தால், அதே கை, அதே தையல், அதே ஊசி என்றிருந்தும் சில நாட்களில் அது நின்றுபோனது. தையலில் பிழை இல்லை, வேறு ஏதோ நடக்கிறது என்பது காரெலுக்கே தெரிந்திருந்தது. அது என்ன என்பதுதான் தெரியவில்லை. 1933-இல் உக்ரைனின் கெர்சான் நகரில் யூரி வோரோனாய், இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தை முதன்முதலாக ஒரு மனிதருக்கு வைத்தார். ரத்தப் பிரிவு பொருந்தவில்லை, உறுப்பு எடுக்கப்பட்டதும் இறப்புக்குப் பல மணி நேரம் கழித்து. நோயாளி இரண்டு நாட்களில் இறந்துபோனார்.

அந்த "வேறு ஏதோ" என்ன என்பதற்கு முதல் தெளிவான விடை ஒரு தீக்காயப் பிரிவிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிளாஸ்கோ மருத்துவமனை ஒன்றில் தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவரும், ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த பீட்டர் மெடவார் என்ற விலங்கியல் அறிஞரும், கடுமையாகத் தீக்காயமுற்ற ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார்கள். அவளுடைய சொந்தத் தோலிலிருந்து எடுத்த சிறு துண்டுகளையும், அவளுடைய சகோதரனின் தொடையிலிருந்து எடுத்த சிறு துண்டுகளையும் காயத்தில் ஒட்டினார்கள். சொந்தத் தோல் பிடித்துக்கொண்டது. சகோதரனின் தோலும் முதலில் பிடித்தது. பிறகு அழியத் தொடங்கியது. சுமார் இரண்டு வாரம் கழித்து அதே சகோதரனிடமிருந்து இரண்டாம் தொகுதியை எடுத்து ஒட்டியபோது அது முதல் தொகுதியைவிட மிக விரைவாக அழிந்தது. 1943-இல் இதை வெளியிட்டார்கள். ஒருமுறை அம்மை வந்தவருக்கு அடுத்த முறை அம்மைக் கிருமி உள்ளே நுழைந்ததும் உடல் அடையாளம் கண்டு விரட்டிவிடுவதைப் போன்றதே இதுவும் என்பதை அந்த ஒரே நோயாளியின் காயத்திலிருந்து அவர்கள் படித்தெடுத்தார்கள். அறுவை மருத்துவத்தில் தொடங்கிய ஒரு கேள்வி நோயெதிர்ப்பியலின் கேள்வியாக மாறிய இடம் இது. இத்துறையில் இதைவிட முக்கியமான ஒரு கட்டுரையை நான் படித்ததில்லை. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களை முதல் வாரத்திலேயே இதைப் படிக்கச் சொல்கிறேன்.

உங்கள் கதையும் சகோதரன் சகோதரிக்குத் தரும் கதைதான் என்பதால், சகோதரனின் தோல் அழிந்தது என்ற செய்தி உங்களைக் கலங்கச் செய்யலாம். அன்றைக்கு நிராகரிப்பை அடக்கும் மருந்து ஒன்றுகூட இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்தக் கதையிலிருந்து உங்களுக்கு வேண்டியது, இரண்டாம் முறை வேகமாக அழிந்தது என்ற பகுதி. உடலுக்கு நினைவு உண்டு.

இப்போது அத்தானுக்கு வருவோம். உங்கள் அக்காவின் உடல் அத்தானுடைய திசுவை எங்கே சந்தித்திருக்க முடியும்? தம் குழந்தைகளைக் கருவில் சுமந்தபோதுதான். குழந்தையின் எச்எல்ஏ மூலக்கூறுகளில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகின்றன. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின்போதும் குழந்தையின் ரத்த அணுக்களில் சிறிதளவு தாயின் ரத்தத்தில் கலக்கிறது. தாயின் உடல் அதிலுள்ள தந்தை வழி மூலக்கூறுகளை அந்நியம் என்று கண்டு ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கலாம். குழந்தை பெற்ற பெண்களின் ரத்தத்தில் வெள்ளணுக்களுக்கு எதிரான இத்தகைய ஆன்டிபாடிகள் இருப்பதை 1958-இல் அமெரிக்காவில் ரோஸ் பெய்னும் நெதர்லாந்தில் யோன் வான் ரூடும் தனித்தனியே காட்டினார்கள். அதே ஆண்டில்தான் பாரிஸில் ழான் டௌசே, பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் ரத்தத்தை ஆராய்ந்து, இன்று எச்எல்ஏ என்று அழைக்கப்படும் தொகுதியின் முதல் மூலக்கூறை அடையாளம் கண்டார். எல்லாத் தாய்மார்களுக்கும் இந்த ஆன்டிபாடி உண்டாவதில்லை. உண்டானாலும் குழந்தைக்குப் பொதுவாகக் கேடு விளைவதில்லை. பாதி அந்நியமான ஒரு குழந்தையைப் பத்து மாதம் சுமந்து பெறும் உடல், அதே அந்நியத்தை உறுப்பாக வைத்தால் எதிர்க்கிறது என்பது இன்றும் முழுதாக விளக்கப்படாத வியப்பு. ஆனால் அக்காவுக்குப் பிள்ளைகள் வழியே அத்தானின் திசு நினைவில் பதிந்திருந்தால், அவருடைய சிறுநீரகம் கிளாஸ்கோவின் இரண்டாம் தொகுதித் தோலுக்கு ஒப்பானது. அது புதிய விருந்தாளி அல்ல.

கிராஸ் மேட்ச் எப்படிச் செய்கிறோம் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் "பாசிட்டிவ்" என்ற சொல் எப்போதும் ஒரே பொருளைத் தருவதில்லை. தருபவரின் ரத்தத்திலிருந்து லிம்போசைட் என்னும் வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, சிறு குழிகள் கொண்ட தட்டில் இட்டு, பெறுபவரின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) ஒரு நுண்துளி சேர்க்கிறோம். பெறுபவரிடம் எதிர்ப்பு ஆன்டிபாடி இருந்தால் அது அணுக்களின் மேல் போய் ஒட்டும். பிறகு முயலின் சீரத்திலிருந்து எடுத்த காம்ப்ளிமென்ட் என்னும் புரதத் தொகுதியைச் சேர்த்தால், ஆன்டிபாடி ஒட்டிய அணுக்கள் துளைபட்டுச் சாகும். சாயம் ஊற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் செத்த அணுக்கள் சாயத்தை உறிஞ்சியிருக்கும், உயிருள்ளவை பளிச்சென்று இருக்கும். இந்த நுண்துளி முறையை உருவாக்கியவர் லாஸ் ஏஞ்சலிஸில் பணிபுரிந்த பால் தெராசாகி. அவரும் பட்டேலும் 1969-இல் வெளியிட்ட எண்கள் எங்கள் துறையில் எவருக்கும் மனப்பாடம்: கிராஸ் மேட்ச் பாசிட்டிவாக இருந்தும் மாற்றுச் சிகிச்சை செய்யப்பட்ட 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனடியாகப் பழுதானது, நெகட்டிவாக இருந்த 195 பேரில் 8 பேருக்கு மட்டுமே அப்படி ஆனது. சிறுநீரகம் வைப்பதற்கு முன் இந்தப் பரிசோதனையைச் செய்வது அதன்பின் வழக்கமானது.

ஆனால் பொய்யான பாசிட்டிவ்களும் உண்டு. லூபஸ் போன்ற நோயுள்ளவர்களிடம், அல்லது சில தொற்றுக்குப் பின், தன் அணுக்களையே தாக்கும் ஐஜிஎம் வகை ஆன்டிபாடி இருந்து பரிசோதனையைக் குழப்பலாம். அது சிறுநீரகத்துக்குப் பொதுவாகக் கேடு செய்வதில்லை. அதனால்தான் நோயாளியின் சீரத்தை அவருடைய சொந்த அணுக்களோடும் சோதிக்கிறோம். ஐஜிஎம்மைச் செயலிழக்கச் செய்யும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து மீண்டும் ஒருமுறை பார்க்கிறோம். இன்று ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற நுட்பமான முறையும், தனித்தனி எச்எல்ஏ மூலக்கூறு பூசிய நுண்மணிகளைக் கொண்டு எந்த மூலக்கூறுக்கு எதிராக ஆன்டிபாடி இருக்கிறது என்று பெயர் சொல்லிக் கண்டுபிடிக்கும் முறையும் இருக்கின்றன. அத்தானுடைய அறிக்கையில் அது எந்த முறையில், லிம்போசைட்டின் இரு வகைகளான டி-செல், பி-செல் ஆகியவற்றில் எதில் பாசிட்டிவ் ஆனது, நுண்மணிப் பரிசோதனையில் அவருடைய எச்எல்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடி பெயர் குறிப்பிட்டுக் காணப்பட்டதா என்று கேளுங்கள். காணப்பட்டிருந்தால் அந்த முடிவில் ஐயமில்லை.

இங்கே நம் குடும்பங்களுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். சொந்தத்தில் மணம் முடிப்பது நம்மிடையே வழக்கம். உங்கள் அத்தான் அத்தை மகனாகவோ தாய்மாமனாகவோ இருந்தால் அவருக்கும் உங்கள் அக்காவுக்கும் எச்எல்ஏவில் ஒரு பகுதி பொதுவாக இருக்கக்கூடும். அப்படிப் பொதுவானதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாகாது, மீதிக்கு உண்டாகலாம். அந்த மீதியில் ஏதேனும் ஒன்று தற்செயலாக உங்களிடமும் இருந்தால் அத்தானுக்கு எதிரான ஆன்டிபாடி உங்கள் உறுப்பையும் தாக்கும். உங்களுடைய கிராஸ் மேட்ச் நெகட்டிவ் என்றால் இன்றைய நிலையில் அப்படி எதுவும் இல்லை என்று பொருள். உங்கள் கடிதத்தில் "செய்யலாம் என்கிறார்கள்" என்று மட்டுமே இருக்கிறது, நெகட்டிவ் என்று நேரடியாக எழுதவில்லை. அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி அந்தப் "பாதி". எச்எல்ஏ மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக அமைந்து, பெரும்பாலும் ஒரே கட்டாகக் கடத்தப்படுகின்றன. தந்தையிடமிருந்து ஒரு கட்டு, தாயிடமிருந்து ஒரு கட்டு. ஆகவே உடன்பிறந்த இருவருக்கு இரண்டு கட்டும் ஒன்றாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று, ஒரு கட்டு மட்டும் ஒன்றாக அமையும் வாய்ப்பு இரண்டில் ஒன்று, எதுவுமே ஒன்றாக அமையாத வாய்ப்பு நான்கில் ஒன்று. உங்களுக்கு வாய்த்தது இவற்றில் மிகச் சாதாரணமானது. பெற்றோர் பிள்ளைக்குத் தரும் சிறுநீரகம் பெரும்பாலும் இதே பாதிப் பொருத்தம்தான். உலகெங்கும் எத்தனையோ தாய்மார்கள் அப்படித் தந்து பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1971-இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்த காலத்திலிருந்து நம் நாட்டில் இந்தச் சிகிச்சை பெரிதும் இரத்த உறவினரின் கொடையைத்தான் நம்பி வளர்ந்தது. பொருத்தமே தேவையில்லை என்பதற்கும் சான்று உண்டு. தெராசாகி குழுவினர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவிக்கோ மனைவி கணவனுக்கோ தந்த சிறுநீரகங்களில் 85 சதவீதம் மூன்றாண்டுக்குப் பின்னும் வேலை செய்தன; பெற்றோர் தந்தவற்றில் 82 சதவீதம்; இறந்தவர்களிடமிருந்து பெற்றவற்றில் 70 சதவீதம். கணவன் மனைவிக்கு இடையே எச்எல்ஏ பொருத்தம் பொதுவாக மிகக் குறைவு. அப்படியிருந்தும் அந்த உறுப்புகள் பெற்றோருடையவற்றுக்கு ஈடாக நின்றதற்குக் காரணம், உயிரோடிருக்கும் ஆரோக்கியமான ஒருவரிடமிருந்து எடுத்த உறுப்பு ரத்த ஓட்டமின்றி மிகக் குறைந்த நேரமே இருக்கிறது, சேதமில்லாமல் வந்து சேர்கிறது என்பதுதான். இவையெல்லாம் கிராஸ் மேட்ச் தடையில்லாத தம்பதிகள் என்பதை மறந்துவிடக் கூடாது.

பொருத்தம் மதிப்பற்றது என்று நான் சொல்லவில்லை. முழுதும் பொருந்திய உடன்பிறப்பின் சிறுநீரகம்தான் இன்றைக்கும் நீண்ட நாள் உழைக்கிறது; அது உறுதி. பாதிப் பொருத்தத்துக்கும் பொருத்தமே இல்லாததற்கும் இடையிலான வேறுபாடு நவீன மருந்துகள் வந்தபின் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. என் எண்ணம், சுருங்கியிருக்கிறது, மறையவில்லை என்பதே. அக்காவுக்கு இன்னும் நெடுங்காலம் இருக்கிறது. வாழ்நாளில் ஒருவேளை இரண்டாவது சிறுநீரகம் தேவைப்படலாம். இப்போது பொருந்தாத ஒவ்வொரு மூலக்கூறும் பிற்காலத்தில் ஒரு ஆன்டிபாடியாக மாறி அப்போதைய தேடலைக் கடினமாக்கக்கூடும் என்ற கோணத்தில் பார்த்தாலும், உங்களுடைய பாதி, அந்நியர் ஒருவரின் பூஜ்யத்தைவிட மேலானது.

மாத்திரைக்கு வருகிறேன். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் ஜோசப் மரே, ரொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை அவருடைய சகோதரர் ரிச்சர்டுக்கு வைத்தார். இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். அது உண்மைதானா என்று அறிய ஒருவரின் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தார்கள், கைரேகைகளைக்கூட ஒப்பிட்டார்கள். ரிச்சர்ட் எட்டாண்டுகள் வாழ்ந்தார். அவருக்கு நிராகரிப்பைத் தடுக்கும் மருந்து எதுவும் தேவைப்படவில்லை, ஏனெனில் அந்நியம் என்று எதுவும் உள்ளே வரவில்லை. மரே ஒட்டறுவை மருத்துவர். போர்க்காலத்தில் பென்சில்வேனியாவின் ராணுவ மருத்துவமனையில் தீக்காயமுற்ற வீரர்களுக்குத் தோல் ஒட்டியபோதுதான் இந்தக் கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. இரட்டையர் இல்லாத மற்ற எல்லோருக்கும் என்ன செய்வது என்று தேடியதில் அடுத்த எட்டாண்டுகள் மிகத் துயரமானவை. முழு உடலுக்கும் கதிர்வீச்சு கொடுத்து எதிர்ப்பை அழித்துப் பார்த்தார்கள். பாஸ்டனில் அப்படிச் சிகிச்சை பெற்ற பன்னிருவரில் ஒருவர் மட்டுமே நீண்ட காலம் பிழைத்தார். மற்றவர்கள் பெரும்பாலும் தொற்றில் மாண்டார்கள். அந்தப் பெயர் தெரியாத நோயாளிகளை நினைக்காமல் நான் இந்த வரலாற்றைச் சொல்வதில்லை.

திருப்பம் வேறு திசையிலிருந்து வந்தது. ரத்தப் புற்றுக்காக ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் உருவாக்கிய 6-மெர்காப்டோப்யூரின் என்ற மருந்து, முயல்களில் ஆன்டிபாடி உண்டாவதைத் தடுக்கிறது என்று 1959-இல் ஷ்வார்ட்ஸும் டேமஷெக்கும் காட்டினார்கள். அதைப் படித்த ராய் கேல்ன் என்ற இளம் ஆங்கில அறுவை மருத்துவர் நாய்களில் சிறுநீரகம் வைத்து அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். பிறகு பாஸ்டனுக்கு வந்து மரேயுடன் சேர்ந்து, அதன் உறவான அசாதயோப்ரின் என்ற மருந்தைச் சோதித்தார். 1962-இல் அந்த மருந்தின் துணையோடு, உறவில்லாத ஒருவரின் சிறுநீரகம் ஓராண்டுக்கும் மேலாக வேலை செய்தது. அடுத்த ஆண்டு டென்வரில் தாமஸ் ஸ்டார்சல், அதனுடன் ஸ்டீராய்டைச் சேர்த்தால் தொடங்கிவிட்ட நிராகரிப்பையும் திருப்பிவிட முடியும் என்று காட்டினார். 1978-இல் கேம்பிரிட்ஜில் அதே கேல்ன், பூஞ்சை ஒன்றிலிருந்து பெற்ற சைக்ளோஸ்போரினை நோயாளிகளுக்குக் கொடுத்தார். ஜப்பானில் சுகுபா மலைப்பகுதி மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிர் ஒன்று தந்த டாக்ரோலிமஸ்தான் உங்கள் அக்காவுக்கும் பெரும்பாலும் தரப்படும். இவை இரண்டும் டி-செல்லுக்குள் கால்சிநியூரின் என்ற நொதியை முடக்கி, "பெருகு" என்ற கட்டளை பிறக்காமல் செய்கின்றன.

கட்டளை பிறக்காமல் தடுக்கின்றன என்பதைக் கவனியுங்கள். அந்த டி-செல்களை அவை அழிப்பதில்லை. உங்கள் திசுவை அந்நியம் என்று அறியும் செல்கள் அக்காவின் உடலில் இருந்துகொண்டே இருக்கும். புதியனவும் எலும்பு மஜ்ஜையில் பிறந்து வந்துகொண்டே இருக்கும். மருந்து நின்றால் தடை நீங்கும். ஆயுள் முழுவதும் மாத்திரை என்பதற்குக் காரணம் இவ்வளவே. ஐந்தாண்டு, பத்தாண்டு நன்றாக இருந்தபின் "இனி உடம்பு பழகியிருக்கும்" என்று தாமாகவே நிறுத்திச் சிறுநீரகத்தை இழந்தவர்களின் ரத்த மாதிரிகள் எங்கள் ஆய்வகத்துக்கு வரும்போது, அவற்றில் புதிதாகப் பிறந்த ஆன்டிபாடிகளைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். பெரும்பாலும் வலி, காய்ச்சல் என்று எந்த எச்சரிக்கையும் இருக்காது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்னும் கழிவு ரத்தத்தில் ஏறுவது ஒன்றே அடையாளம், அது ஏறும்போது சேதம் நடந்திருக்கும்.

மருந்துகளால் வரும் தீங்குகளையும் மறைக்கக் கூடாது. கிருமிகளுக்கு எதிரான காவலும் அவற்றால் தளர்கிறது. நம் நாட்டில் காசநோய் முக்கியமான கவலை, காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினோ டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். நீண்ட காலத்தில் சில புற்றுநோய்களின் வாய்ப்பு கூடுகிறது. டாக்ரோலிமஸ் அளவு மிகுந்தால் சிறுநீரகத்தையே கெடுக்கும், நீரிழிவையும் வரவழைக்கலாம். எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று விற்கப்படும் பொடிகளும் கஷாயங்களும் அக்காவுக்கு வேண்டவே வேண்டாம்.

மருந்தில்லா முறையைப் பற்றி நீங்கள் படித்தது பொய்யில்லை. அதன் வேரும் மெடவாரிடம் இருக்கிறது. 1953-இல் அவரும் பில்லிங்காமும் பிரென்ட்டும், கருவிலிருக்கும் எலிக்குஞ்சுகளுக்கு வேறோர் இனத்து எலியின் அணுக்களைச் செலுத்தினால், அவை வளர்ந்தபின் அந்த இனத்தின் தோலை ஏற்றுக்கொள்கின்றன, வேறு இனத்தின் தோலை மறுக்கின்றன என்று காட்டினார்கள். எதிர்ப்பை மொத்தமாக அடக்காமல் ஒரே ஒருவரை மட்டும் ஏற்கப் பழக்க முடியும் என்பதற்கு அது முதல் நிரூபணம். அதை வளர்ந்த மனிதரில் செய்து பார்த்தது பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை: சிறுநீரகத்தோடு அதே கொடையாளரின் எலும்பு மஜ்ஜையையும் ஏற்றினார்கள். 2008-இல் வெளியான அறிக்கையில், உங்களைப் போலவே பாதிப் பொருத்தமுள்ள கொடையாளரிடமிருந்து பெற்ற ஐவரில் நால்வர் மருந்தை முழுவதுமாக நிறுத்த முடிந்தது. பின்னர் அம்முறையில் சிகிச்சை பெற்றவர்களில் சிலர் ஆண்டுகள் கழித்து மீண்டும் மருந்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மஜ்ஜைக்கு இடமளிக்க நோயாளிக்குக் கடும் மருந்தும் தைமஸ் சுரப்பிக்குக் கதிர்வீச்சும் தர வேண்டும். அந்த ஆபத்து சிறியதல்ல. முடியும் என்பது உறுதியாகிவிட்டது. யாருக்கு, எவ்வளவு காலம், எந்த விலையில் என்பது உறுதியாகவில்லை. இத்துறையின் எஞ்சிய பெருங்கனவு அதுதான், நானும் அந்தக் கனவில் நம்பிக்கை உள்ளவன். ஆனால் அதற்காக உங்கள் அக்கா காத்திருக்கக் கூடாது. டயாலிசிஸில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் தேய்க்கிறது. டயாலிசிஸில் நீண்ட காலம் இருந்தபின் மாற்று பெறுவோருக்கு விளைவும் குறைகிறது. இதில் கருத்து வேறுபாடு இல்லை.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. நான் சொல்லியாக வேண்டும். 1954-இல் தம் சிறுநீரகத்தைத் தந்த ரொனால்ட் ஹெரிக் அதன்பின் ஐம்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து 2010-இல் காலமானார். நன்கு பரிசோதிக்கப்பட்ட கொடையாளர்கள் பொதுவாக நலமாக வாழ்கிறார்கள். ஆனால் பிற்காலத்தில் அவர்களுக்கே சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு, தராத ஆரோக்கியமானவர்களைவிடச் சற்றுக் கூடுதல், ஒட்டுமொத்தத்தில் அது குறைவுதான் என்றாலும். அக்காவுக்கு நோய் வந்ததன் காரணம் என்ன என்று கண்டிப்பாகக் கேளுங்கள். அது குடும்ப வழி வரும் நோயாக இருந்தால், உங்களுக்கும் அது வரக்கூடுமா என்று பார்த்து முடித்த பிறகே நீங்கள் தர வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம் ஆகியவற்றை உங்கள் சார்பில் மட்டும் சிந்திக்கும் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் தர முடியாமல் போனால் அத்தானின் கொடை முற்றிலும் வீணாகிவிடாது. இதே நிலையிலுள்ள இன்னொரு தம்பதியோடு கொடையை மாற்றிக்கொள்ள 2011-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது. ஆன்டிபாடியை ரத்தத்திலிருந்து வடித்தெடுத்து அத்தானுடையதையே வைக்கும் முறையும் உண்டு. செலவும் தொற்று ஆபத்தும் மிகுந்த அந்த வழியை, தடையில்லாத நீங்கள் இருக்கும்போது நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக, உங்கள் கையில் இருக்கும் ஒரு காரியம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நோயாளிக்குத் தம்பியோடு கிராஸ் மேட்ச் நெகட்டிவாக இருந்தது, அறுவைக்கு நாள் குறித்தார்கள். இடையில் ரத்தசோகை என்று வேறோர் இடத்தில் அவருக்கு இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அறுவைக்கு முன் இறுதியாகச் செய்த பரிசோதனையில் தட்டு முழுக்கச் செத்த அணுக்கள். அந்த அறுவை நின்றுபோனது. குழந்தை பெற்ற பெண்ணின் உடலில் உறங்கும் நினைவை ஏற்றப்படும் ரத்தம் எழுப்பிவிடலாம். ஆகவே அறுவை வரை உங்கள் அக்காவுக்குத் தவிர்க்க முடிந்தால் ரத்தம் ஏற்ற வேண்டாம் என்று டயாலிசிஸ் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபோய்டின் ஊசியும் இரும்புச் சத்தும் பெரும்பாலும் போதும். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வெள்ளணு வடிகட்டிய ரத்தம் கேளுங்கள். அது ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. எந்தத் தேதியில் எத்தனை யூனிட் ஏறியது என்று ஒரு தாளில் எழுதித் திசுப் பொருத்த ஆய்வகத்தில் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அதன்பின் புதிய ரத்த மாதிரி எடுத்து, உங்களோடு மீண்டும் ஒரு கிராஸ் மேட்ச் செய்வார்கள்.